உஷார்! மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் கிளம்புகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ரஷ்யாவுக்கு டிக்கெட் போட்டாச்சா? கொஞ்சம் பொறுங்கள். பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள் என்றால், கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

நாலு நாள் மாஸ்கோ, மூணு நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். செஞ்சதுக்கத்தில் ஒரு போட்டோ, ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ஒரு போட்டோ. 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு மின்விசா கிடைப்பதால் நிறையப் பேர் இப்படிக் கிளம்புகிறார்கள். தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்தபடியே விண்ணப்பித்துச் சில நாளில் வாங்கிவிடலாம். விசா சுலபமாகக் கிடைத்ததும் பயணமும் சுலபம் என்று மனசு நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் கார்டு அங்கே வேலை செய்யாது.

உங்கள் போனில் முதல் நாள் இன்டர்நெட் வராது.

உங்கள் விமானம் சொன்ன நேரத்துக்கு, சொன்ன ஊரில் இறங்கும் என்று நிச்சயம் இல்லை.

மூன்றும் ஒரே ராத்திரியில் ஒருவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? விழுந்திருக்கிறது. கோவைப் பக்கத்து இளம் தம்பதி. பெயர் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு முதல் வெளிநாட்டுப் பயணம். வளைகுடா வழியாக மாஸ்கோ. இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது விமானம் வட்டமடிக்க ஆரம்பித்தது. ட்ரோன் தாக்குதல் எச்சரிக்கை. மாஸ்கோ விமான நிலையங்களை மூடிவிட்டார்கள். விமானத்தை கசானில் இறக்கி, மணிக்கணக்கில் உள்ளேயே உட்காரவைத்து, திரும்ப மாஸ்கோ கொண்டுவந்து சேர்த்தபோது விடிகாலை மூன்று மணி. முன்பதிவு செய்த கார் எப்போதோ போய்விட்டது.

போனில் டவர் காட்டியது, இன்டர்நெட் இல்லை. விமான நிலைய வைஃபையைத் திறந்தால் மொபைல் நம்பர் கேட்டது. குறியீடு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் என்றது. வரவே இல்லை. தண்ணீர் பாட்டிலுக்குக் கார்டை நீட்டினார்கள்; கடைக்கார அம்மா தலையை ஆட்டிவிட்டார். இன்னொரு கார்டு. அதுவும் இல்லை. கையில் கொஞ்சம் டாலர் இருந்தது. பணம் மாற்றும் ஜன்னலில் இருந்தவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் மிளகு அளவுக்கு ஒரு நீல மை முத்திரை. ஊரில் வாங்கும்போதே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. நோட்டை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். நன்றாக உடுத்தியிருந்தார். இந்தியில் பேசினார். பயப்படாதீர்கள், நான் ரூம் ஏற்பாடு செய்கிறேன், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், இதில் ஒரு கையெழுத்து போதும் என்றார். காகிதம் முழுக்க ரஷ்ய எழுத்து. பசி, தூக்கம், குளிர். கணவர் பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். “என்னங்க, என்ன எழுதியிருக்குன்னே தெரியலை, போடாதீங்க!” என்று அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அங்கே இருந்த பாதுகாவலரை நோக்கி அவள் நடக்க ஆரம்பித்ததும், வந்தவர் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிட்டார்.

அவர் யாரோ, தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நடந்த கதை இருக்கிறது.

2023 டிசம்பர் கடைசியில், புத்தாண்டு கொண்டாட வட இந்திய இளைஞர்கள் சிலர் ரஷ்யா போனார்கள். சுற்றுலாவுக்குத்தான். அங்கே ஒரு ஏஜென்ட் பெலாரூஸையும் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். அந்த நாட்டுக்குத் தனி விசா வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாது. போன இடத்தில் இன்னும் பணம் கேட்டார். இல்லை என்றதும் நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். போலீஸ் பிடித்து ரஷ்ய அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. 10 வருஷம் சிறை, இல்லையென்றால் கையெழுத்து என்று மிரட்டினார்களாம். புரியாத மொழியில் காகிதம். போட்டார்கள். 2024 மார்ச்சில் ஏழு பேர் ராணுவ உடையில், ஒரு சின்ன அறைக்குள் நின்று, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சிய வீடியோ வெளியே வந்தது. உக்ரைன் போருக்கு அனுப்பப் போகிறார்கள் என்றார்கள்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போன பிள்ளைகள்!

அதே மாதம் சி.பி.ஐ. ஆள்கடத்தல் வழக்குப் பதிவு செய்தது. 2024 ஜூலையில் மாஸ்கோ போன பிரதமரே புதினிடம் இந்த விஷயத்தை எடுத்தார். அதன் பிறகும் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. இலங்கையிலிருந்தும் வேலை ஆசை காட்டிக் கூட்டிப்போய்ப் போர்முனையில் நிறுத்தியிருக்கிறார்கள். உயிரோடு திரும்பாதவர்களும் உண்டு.

அதனால் சொல்கிறேன். ரஷ்யாவில் வழிதவறி நிற்பதைவிட, வழிதவறி நிற்கும்போது “நான் பார்த்துக்கிறேன்” என்று வருகிற ஆளிடம்தான் அதிக உஷார் வேண்டும். பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஹோட்டல் வரவேற்பு மேஜை, போலீஸ், குடியேற்ற அதிகாரி தவிர யாருக்கும் வேண்டாம். “கூடவே இன்னொரு நாட்டையும் பார்த்துடலாம்”, “நாலு நாள் கூடத் தங்கினா பகுதிநேர வேலை இருக்கு” என்று யாராவது ஆரம்பித்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ஊரிலேயே ஏஜென்ட்டிடம் ஹோட்டல் பெயரைக் கேளுங்கள். “அங்கே போனதும் சொல்றேன்” என்றால் அட்வான்ஸைத் திருப்பி வாங்குங்கள். புக்கிங், ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் 2022-லேயே ரஷ்யாவை விட்டு விலகிவிட்டன. அந்த இடைவெளியில்தான் இந்த மாதிரி ஆட்கள் நுழைகிறார்கள்.

அந்த ஆள் நமக்குத் தேவைப்படாமல் இருக்க வேண்டுமானால், கையில் பணம் வேண்டும்.

2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. அன்று முதல் வெளிநாட்டில் வாங்கிய அந்தக் கார்டுகள் அங்கே வெறும் பிளாஸ்டிக். ஏ.டி.எம்.மிலும் பணம் வராது. யு.பி.ஐ.யை நம்பாதீர்கள், ரூபேயை நம்பிப் போகாதீர்கள். நம் ரூபாயை அங்கே மாற்றலாம் என்றும் நம்பாதீர்கள். ஏழு நாள் செலவையும் டாலராகவோ யூரோவாகவோ கையில் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு நோட்டு தருவார்களா என்று கேட்பீர்கள். பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்கலாம். ஆனால் ரஷ்யா போகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கி விலக்கு கொடுத்திருக்கிறது. வாங்கும் அந்நியச் செலாவணி முழுவதையும் நோட்டாகவே வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு வாங்குங்கள். ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மடிப்பு, கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை எது இருந்தாலும் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். பழைய டிசைன் 100 டாலர் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி சாலைக் கூட்டத்திலும் மெட்ரோவிலும் பிக்பாக்கெட் உண்டு.

போன் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு சிம் ரஷ்ய நெட்வொர்க்கில் ஏறியதும் முதல் 24 மணி நேரத்துக்கு இன்டர்நெட்டையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் நிறுத்திவைக்கும் முறை 2025 அக்டோபரில் வந்தது. ட்ரோன்களைத் தடுப்பதற்காக. ஓ.டி.பி. வராது என்பதை இப்போதே மனசில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளலாம் என்றால், 2025 ஜனவரி முதல் வெளிநாட்டவர் உடல் அடையாளப் பதிவு வரைக்கும் செய்தால்தான் சிம். ஒரு வாரம் போகிறவருக்கு அது ஆகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் 2022-லிருந்து முடக்கம். வாட்ஸ்அப் அழைப்புக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுப்பாடு. ஒரு நாள் முழுக்க பேச்சுமூச்சு இல்லாமல் போகலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் இங்கே ஒரு வீடே தூங்காது.

வரைபடத்தை ஊரிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். திரும்பும் விமானத்தைப் பிடிக்கக் கடைசி மணிவரை இழுக்காதீர்கள். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதானால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் விமான நிலையம் மூடும்போது உங்களுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் ரயில்தான் நல்லது. சப்சான் ரயில் சுமார் 650 கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால் மாஸ்கோவில் லெனின்கிராத்ஸ்கி நிலையத்துக்குப் போக வேண்டும். அதே சதுக்கத்தில் இன்னும் இரண்டு பெரிய நிலையங்கள் இருக்கின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு வேறொன்றுக்குள் நுழைந்து ரயிலை விட்டவர்கள் உண்டு.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் மின்விசாவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? நம்மூர் இனிஷியல்தான் ஆபத்து. ஒன்றில் அப்பா பெயர் முழுசாக, இன்னொன்றில் வெறும் ‘எஸ்’ என்று இருந்தால் எல்லையில் நிறுத்திவிடுவார்கள். ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் போலித் தளங்கள் இருக்கின்றன. ராத்திரி 11 மணிக்கு இறங்கினாலும் விசா நாள்களில் அது முதல் நாள் கணக்குதான். உள்ளே நுழையும்போது கிடைக்கும் குடியேற்ற அட்டையைத் தொலைக்காதீர்கள். ஹோட்டல் உங்களைப் பதிவு செய்யும். தெரிந்தவர் வீட்டிலோ வாடகை ஃபிளாட்டிலோ ஏழு வேலை நாளுக்கு மேல் தங்கினால் வீட்டுக்காரர் பதிவு செய்ய வேண்டும். செய்ய மாட்டேன் என்பவர் வீடு வேண்டாம். 2024 மார்ச்சில் மாஸ்கோவை ஒட்டிய குரோகஸ் இசையரங்கில் பயங்கரவாதத் தாக்குதலில் 140-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பிறகு வெளிநாட்டவர்மேல் சோதனை கூடிவிட்டது. மெட்ரோ வாசலில் நிறுத்தி ஆவணங்களைக் கேட்பார்கள். நிதானமாகக் காட்டுங்கள். வாதாட வேண்டாம்.

மருந்துப் பையைப் பிரியுங்கள்! இருமல் சிரப்பில் கோடீன் இருக்கிறதா? மூட்டுவலிக்கு டிரமடால் இருக்கிறதா? ரஷ்யாவில் இவை கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டரிடம் கேட்டு மாற்று வாங்குங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் சீட்டு கூடவே இருக்கட்டும். ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனரின் பெட்டியில், 2022 பிப்ரவரியில் கஞ்சா எண்ணெய் அடைத்த சிறு குப்பிகள் கிடைத்தன. 9 வருஷத் தண்டனை. கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். நமக்காக யாரைப் பரிமாற்றம் செய்வார்கள்?

போரைப் பற்றி அங்கே வாய் திறக்க வேண்டாம். டாக்ஸியிலும் வேண்டாம், ஸ்டேட்டஸிலும் வேண்டாம். ராணுவத்தைப் பற்றிய ‘பொய்த் தகவல்’ என்று வழக்குப் போட்டால் 15 வருஷம் வரை சிறை. வானத்தில் ட்ரோன் தெரிந்தால் போனைத் தூக்காதீர்கள். தாக்குதல் படங்களை வெளியிட மாஸ்கோவில் தடை இருக்கிறது.

பீட்டர்ஸ்பர்க்கில் தனியாக இரண்டு கவலை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, ராத்திரி ஒரு மணிக்கு மேல் நேவா ஆற்றுப் பாலங்களைக் கப்பல் போகத் தூக்கிவிடுவார்கள். மெட்ரோ நள்ளிரவோடு முடிந்துவிடும். வசீலியெவ்ஸ்கி தீவில் அறை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் மணிக்கணக்கில் ஆற்றங்கரைதான். குளிர்காலம் முடியும்போது கூரைகளிலிருந்து ஆள் உயரப் பனி ஈட்டிகள் உடைந்து விழும். ஆண்டுதோறும் காயப்படுகிறார்கள், செத்தவர்களும் உண்டு. நடைபாதையில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். சாலையில் இறங்கி, வண்டி பார்த்து, சுற்றிப் போங்கள். அரண்மனைச் சதுக்கத்தில் ராஜா ராணி வேஷத்தில் வந்து தோளில் கை போடுவார்கள். போட்டோ எடுத்த பிறகுதான் பணம் கேட்பார்கள், அதுவும் பெரிய தொகை. கையை எடுத்துவிட்டு நகருங்கள்.

ஒரு தாளில் ஹோட்டல் பெயரையும் முகவரியையும் ரஷ்ய எழுத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கீழே மாஸ்கோ இந்தியத் தூதரகம், பீட்டர்ஸ்பர்க் துணைத் தூதரகம் இரண்டின் தொலைபேசி எண்கள், அவசர உதவிக்கான 112, காப்பீட்டு பாலிசி எண். போர் தொடர்பான பாதிப்புக்கும் பணம் உண்டா என்று காப்பீட்டுக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளை ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் வையுங்கள். போன் செத்தாலும் அது இருக்கும். இன்னொரு பிரதி, பாஸ்போர்ட், விசா நகலோடு வீட்டில் இருக்கட்டும். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த விமானம் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 24 மணி நேரம் தாண்டியும் உங்களிடமிருந்து தகவல் இல்லை என்றால், வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்து முதலில் ஹோட்டலுக்கும் அடுத்து தூதரகத்துக்கும் போன் போட வேண்டும்.