பட்டாளத்துப் பென்ஷனுக்கும் நம்ம கடலூருக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

குடிகாட்டிலிருந்து வடக்கே கிளம்புங்கள். கடலூர் முதுநகரைத் தாண்டினால் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சுக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள்? பக்கத்திலேயே இருந்த செயின்ட் டேவிட் கோட்டையின் கதை தெரியுமா? இந்தியப் பட்டாளத்தின் வரலாற்றையே திருப்பிப் போட்ட இடம் அது!

பீரங்கி சுட்டு ஊர் வாங்கியது தெரியுமா?

வருஷம் 1690. செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் தருவது? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும்! மதராசிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி வந்து இறங்கியது. சுட்டார்கள். குண்டு எட்டிய ஊரெல்லாம் கம்பெனிக்கு! அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர். குண்டு உப்பலவாடி இன்றைக்கும் இருக்கிறதே!

இந்த வியாபாரம் நடந்தபோது மதராஸ் கவர்னர் யார் தெரியுமா? எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயர்தான்!

கணக்கு எழுதியவர் துப்பாக்கி தூக்கியது எங்கே?

ராபர்ட் கிளைவ் மதராசுக்கு வந்தது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக! 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்தார்கள். கிளைவ் மாறுவேஷம் போட்டுத் தப்பி, நேரே நம் கோட்டைக்கு ஓடி வந்தார். அடுத்த வருஷமே பேனாவை வைத்துவிட்டுப் பட்டாளத்தில் அதிகாரியாகிவிட்டார்.

‘இந்திய ராணுவத்தின் தந்தை’ என்று ஆங்கிலேயர் கொண்டாடும் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1748-ல் பொறுப்பேற்றதும் இதே கோட்டையில்தான்! அவர் 1758-ல் உருவாக்கிய படைதான் இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட். இந்திய ராணுவத்தின் காலாட்படைகளில் மிகப் பழையது! இன்றைக்கும் அதன் பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில் நடக்கிறது.

5 லட்ச ரூபாய் உயில்!

இதுதான் எனக்கு மூச்சு முட்டிய சங்கதி. கிளைவின் தயவில் பதவிக்கு வந்த வங்காள நவாப் மீர் ஜாபர் 1765-ல் இறந்தார். இறக்கும்போது கிளைவுக்கு எழுதி வைத்த தொகை 5 லட்ச ரூபாய்! அந்தக் காலத்து 5 லட்சம்! கிளைவ் அதை என்ன செய்தார் தெரியுமா? சேவையில் உடல் முடியாமல் போன கம்பெனிப் படைவீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உதவ ஒரு நிதியாக்கினார். புதிய நவாப் தன் பங்குக்கு 3 லட்சம் போட்டார். 1770 ஏப்ரல் 6-ல் பத்திரம் எழுதினார்கள். பெயர், ‘லார்டு கிளைவ் நிதி’!

சரி, நம் ஊர்ச் சிப்பாய்க்கு அதில் எவ்வளவு? ஒரு தம்பிடி கிடையாது! வெள்ளைக்காரப் படைவீரருக்கு மட்டும். பணம் வங்காளத்து நவாபுடையது, சண்டையில் ரத்தம் சிந்தியதில் பெரும்பங்கு நம் சிப்பாயுடையது. இதைப் படிக்கும்போது மனசு பொறுக்கவில்லை.

அதோடு முடியவில்லை! பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கம்பெனி படை வைத்துக்கொள்ளாத நாள் வந்தால், பணம் கிளைவின் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும்! 1858-ல் கம்பெனி ஆட்சி போனது. வாரிசுகள் விட்டார்களா? வழக்குப் போட்டார்கள். 1863-ல் லண்டன் பிரபுக்கள் சபை வரை போய் ஜெயித்தும் விட்டார்கள்! கிளைவ் செத்து 89 வருஷம் கழித்து!

அப்படியானால் சிப்பாயின் பிள்ளைகளுக்கு?

மதராஸ் படையில் ஒரு வினோத ஏற்பாடு இருந்தது. ‘ரெக்ரூட் பையன்கள்’, ‘பென்ஷன் பையன்கள்’ என்று சிப்பாய்களின் பிள்ளைகளைப் படைப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்வார்கள். சின்னப் பையனுக்குப் பட்டாளத்துச் சம்பளம்! அப்பா இல்லாத வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

சமாதானம் ஆன பிறகு நடந்த சண்டை!

1783 ஜனவரி 20. ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானக் கையெழுத்துப் போட்டாயிற்று. சேதி கடலூருக்கு வர வேண்டாமா? கப்பல் கடலில் வந்துகொண்டே இருந்தது! ஜூன் 13-ல் கடலூர் வாசலிலேயே இரு தரப்புக்கும் கடும் போர். ஜூன் 20-ல், அதாவது சரியாக 5 மாசம் கழித்து, கடலூருக்கு எதிரே நடுக்கடலில் கப்பல்கள் மோதின! சமாதானச் செய்தி வந்து சேர்ந்தது அந்த மாசக் கடைசியில்தான். அத்தனை உயிரும் வீண்!

அந்தப் போரில் வங்காளத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். எப்படி வந்தார்கள் தெரியுமா? நடந்து! வங்காளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு நடந்தே! 1781-ல் கிளம்பியவர்கள் வீடு திரும்பியது 1785-ல். போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை.

மஞ்சள் பையோடு வரும் பெரியவரின் அலுவலகத்துக்கு வயது என்ன?

முதல் உலகப் போருக்குப் போன இந்தியர் 13 லட்சத்துக்கும் மேல்! திரும்பியவர்களைக் கவனிக்க 1919-ல் ‘இந்தியச் சிப்பாய்கள் வாரியம்’ பிறந்தது. 1951-ல் கடற்படை, விமானப்படைக்காரர்களின் பெயரும் சேர்ந்தது. 1975-ல் ‘கேந்திரிய சைனிக் போர்டு’ என்றானது. அந்தச் சங்கிலியின் நம்மூர்க் கண்ணிதான் கடலூரில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்!

குறைதீர் கூட்டத்தன்று கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புக்கைப் பாலித்தீன் கவரில் போட்டு, அதை மஞ்சள் பைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்தபடி பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விதவைப் பென்ஷனில் பெயரெழுத்துத் தப்பு, மகன் படிப்புக்கு உதவித்தொகை, நிலத் தகராறு என்று ஆளுக்கொரு மனு. வரிசையில் நிற்கும்போதுகூட முதுகு வளையாது! அவர்களுக்கு எழுந்து இடம் கொடுங்கள்.

நடுத்தர வயதுக்காரர்களும் இருப்பார்களே, கவனித்தீர்களா? சாதாரண ஜவான் 35, 40 வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்! மிச்ச வாழ்க்கைக்கு வேலை வேண்டாமா? அதற்காகவே தமிழ்நாடு அரசு 1986-ல் தொடங்கியது ‘டெக்ஸ்கோ’ நிறுவனம். அரசு ஆஸ்பத்திரி வாசலில் மிடுக்காக நிற்கும் காவலர் ஒருகாலத்தில் எல்லையில் நின்றவராக இருக்கலாம்!

சட்டையில் குத்தும் கொடி!

டிசம்பர் 7 கொடிநாள். 1949-லிருந்து! அந்தச் சின்னக் கொடியில் 3 நிறம் ஏன் தெரியுமா? சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. உண்டியலில் விழும் காசு படைவீரர் குடும்பங்களுக்கு!

சண்டை முடிந்து 155 வருஷம் கழித்தும் பென்ஷன்!

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். அதில் சண்டை போட்ட ஒருவரின் மகளுக்கு மாசம் 73 டாலர் 13 சென்ட் பென்ஷன் போய்க்கொண்டே இருந்தது. எதுவரை? அவர் இறந்த 2020 வரை!

நம் நாட்டில்? ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கேட்டு 40 வருஷத்துக்கும் மேல் போராட்டம்! 2015-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் வயதான வீரர்கள் உட்கார்ந்தார்கள். அந்த செப்டம்பரில்தான் அறிவிப்பு வந்தது.

போகியன்று யாருக்கு விழா?

ஜனவரி 14 படைவீரர் தினம்! நமக்குப் போகியோ பொங்கலோ வரும் அதே நாள். 1953-ல் அன்றுதான் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் கரியப்பா ஓய்வு பெற்றார். சும்மா இருந்தாரா? 1964-ல் முன்னாள் படைவீரர்களைத் திரட்டி ‘இந்தியன் எக்ஸ்-சர்வீசஸ் லீக்’ அமைத்தார். அவருக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் கிடைத்தது 1986-ல். ஓய்வு பெற்று 33 வருஷம் கழித்து!