ஓய்ந்துபோன இசைப்பெட்டியும் ஒரு ரப்பர் வளையமும்

நமது பங்குக் குடும்பங்கள் பலவற்றின் கூடத்தில், திருஇருதய ஆண்டவர் படத்திற்குக் கீழேயோ தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகிலோ, பூவேலை செய்த துணி போர்த்திய கருநிறப் பெட்டி ஒன்று இருப்பதைக் காணலாம். மூன்று அல்லது ஐந்து குறுந்தகடுகளை ஒருங்கே ஏற்று, ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே எடுத்துப் பாடும் இசைப்பெட்டி அது. 1990-களிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற தந்தையரும் அண்ணன்மாரும் விடுமுறையில் கொண்டுவந்த பொருள்களுள் இதற்குத் தனி மதிப்பு இருந்தது. இன்றோ அதன் தலையில் பூச்சாடி அமர்ந்திருக்கிறது. "தட்டு வெளியே வருவதில்லை" என்றும், "தகட்டைப் போட்டாலும் இல்லை என்றே காட்டுகிறது" என்றும் கூறி, பழைய சாமான் வாங்குவோர் வரும் நாளை எதிர்பார்த்து அதனை வைத்திருக்கிறோம்.

பெட்டி போனால் போகட்டும், பாட்டுக் கேட்கக் கைப்பேசி இருக்கிறதே என்பார் உளர். மெய்தான். ஆயினும் அப்பெட்டியோடு ஓர் அலமாரித் தட்டு நிறையத் தகடுகளும் இருக்கின்றன அன்றோ? பங்குப் பாடகர் குழுவினர் தாமே பாடிப் பதிவு செய்து ஆலயக் கட்டட நிதிக்காக விற்ற பாடல்கள், திருமணத் திருப்பலியின் ஒலிப்பதிவு, பழைய ஒலிநாடாவிலிருந்து தகட்டுக்கு மாற்றி வைத்த பாட்டியாரின் செபமாலைக் குரல் ஆகியவை எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பவை அல்ல. கருவி ஓய்ந்தால் அவையும் ஊமையாகிவிடுகின்றன.

இத்தகைய பெட்டிகளுக்கு வரும் நோய் பெரும்பாலும் மூளை நோயன்று. மூட்டு வலியே ஆகும். பொறுமையும் ஒரு நட்சத்திர முனைத் திருப்புளியும் உடையவர், ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் அதனைத் தீர்த்துவிட இயலும்.

உள்ளே நடப்பது என்ன?

ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் கூடி வகுத்த குறுந்தகடு, 1982-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 செ.மீ.; கனம் 1.2 மி.மீ. பழைய கிராமபோன் இசைத்தட்டு வெளிவிளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் பாடும். இதுவோ மையத்தருகே தொடங்கி வெளிநோக்கிச் செல்லும். ஒலியின் குறிப்புகள் யாவும் ஒரே சுருள் கோடாக எழுதப்பட்டுள்ளன. ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறாக்கினால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி அவற்றுள் 1.6 கூறுதான்! நிறையப் பதிந்த தகட்டின் சுருளை நீட்டி வைத்தால் 5 கி.மீ. தாண்டும். தொடக்கத்தில் தகடு நிமிடத்திற்கு ஏறக்குறைய 500 முறை சுழல்கிறது. விளிம்பை நெருங்கும்போது வேகம் 200 அளவுக்குக் குறைகிறது. கீழிருந்து சிறு லென்ஸ் ஒன்று லேசர் ஒளியைக் குவித்து, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இச்சுருளைப் படிக்கிறது. ஊசியும் இல்லை, உராய்வும் இல்லை. ஆகவே எத்தனை முறை கேட்டாலும் அதனால் தகடு தேய்வதில்லை.

பல தகடு ஏற்கும் பெட்டியில் இதற்கும் மேலாக ஒரு வேலை உண்டு. தட்டு வெளியே வரவேண்டும், உள்ளே போகவேண்டும். வட்டத்தட்டு சுழன்று உரிய தகட்டை லென்ஸுக்கு நேரே நிறுத்தவேண்டும். பின்பு லென்ஸ் உள்ள பகுதி மேலெழுந்து தகட்டைக் கவ்விக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் செய்பவை இரண்டொரு சிறு மோட்டார்கள், பிளாஸ்டிக் பற்சக்கரங்கள், ரப்பர் பெல்ட்டுகள். மின்னணுப் பலகைகள் முப்பது ஆண்டுகள் கடந்தும் உழைப்பதுண்டு. ரப்பருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

திறப்பதற்கு முன்

முதலில் நோயைக் கேட்டறிய வேண்டும். பொத்தானை அழுத்தியதும் உள்ளே மோட்டார் முனகுகிறது, தட்டு மட்டும் அசையவில்லை என்றால், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்பது ஏறக்குறைய உறுதி. தட்டு பாதி வந்து தானே உள்ளே போய்விட்டாலும் அதனையே முதலில் ஐயுறலாம். வட்டத்தட்டு ஓயாது சுழன்றுகொண்டே இருந்தால், அதன் இடத்தை எண்ணிக் காட்டும் உணர்வி தூசியால் மறைக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒழுங்காக அசைந்தும் 'நோ டிஸ்க்' என்று காட்டினால் லென்ஸைப் பார்க்கவேண்டும். முதற் பாட்டுகள் சரியாகப் பாடிப் பிற்பகுதியில் தடுமாறினால், லென்ஸ் ஊர்ந்து செல்லும் தண்டில் கிரீஸ் உலர்ந்திருக்கலாம்.

சில வேளை நோயே இருப்பதில்லை. திருத்தலங்களிலும் திருவிழாக் கடைகளிலும் வாங்கிய 'நூறு பாடல்கள்' தகடு எம்.பி.3 முறையில் பதிந்ததாயிருக்கும். அம்முறை அறியாத பழைய பெட்டி அதனைப் பாடாது. மீண்டும் மீண்டும் அழித்தெழுதும் தகடுகளும் ஒளியை மிகக் குறைவாகவே திருப்பியனுப்புவதால் பழைய கருவிகள் பலவற்றுக்கு அவை புலப்படுவதில்லை. ஆகவே கடையில் வாங்கிய நல்ல இசைத்தகடு ஒன்றைப் போட்டுப் பார்த்த பின்னரே பெட்டியைக் குறை கூறவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியாயின் இன்னொன்றும் உண்டு: அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், நம் நாட்டில் 230. பின்புறத்தில் மாற்றும் திருகு இல்லையேல், தக்க டிரான்ஸ்பார்மர் இன்றி அதனை நம் வீட்டு மின்சாரத்தில் செருகலாகாது.

திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைக்கவேண்டும். சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. பிடுங்கிய பின்னும் கால் மணி நேரமாவது பொறுத்தல் நலம். மின்தேக்கிகளில் எஞ்சியுள்ள மின்சாரம் அடங்கட்டும். மின்வடம் வந்து சேரும் இடத்தில் உள்ள டிரான்ஸ்பார்மர் பகுதியில் கை வைக்கவே வேண்டாம். மூடியின்றி மின்சாரம் கொடுத்துச் சோதிக்க நேர்ந்தால், லென்ஸை நேருக்கு நேர் குனிந்து நோக்கலாகாது. அதிலிருந்து வருவது கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. கண் கூசாது, ஆனால் விழித்திரையைக் கெடுக்கும். சிறுவர்கள் ஆவலோடு எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்குக் கழற்றிய திருகாணிகளை வரிசையாகக் கிண்ணத்தில் இட்டுவைக்கும் பணியைக் கொடுத்துவிடலாம்.

பெல்ட் மாற்றுதல்

மேல்மூடியைப் பின்னும் பக்கங்களிலும் உள்ள திருகாணிகளை நீக்கிக் கழற்றலாம். தட்டு அகப்பட்டிருந்தால் இழுத்துப் பிடுங்கக் கூடாது, பற்கள் உடைந்துவிடும். மோட்டாரை அடுத்த கப்பியை விரலால் மெல்லச் சுழற்றினால் தட்டு தானே நகர்ந்து வரும். பல பெட்டிகளில் தட்டின் முன்முகப்பை மேல்நோக்கித் தள்ளினால் கழன்றுவிடும். அதன் பின்னரே தட்டு முழுவதும் வெளிவரும்.

அண்மையில் கடற்கரைப் பங்கு ஒன்றில் இத்தகைய மூன்று தகட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தோம். ஒன்பது ஆண்டுகளாக மூடிக்கிடந்த பெட்டி. உள்ளே பல்லி முட்டை ஓடுகள் இரண்டு, பிள்ளைகள் எப்போதோ இட்ட ஐம்பது காசு நாணயம் ஒன்று, மெழுகுபோல் மஞ்சளாய் இறுகிய கிரீஸ், கப்பியிலிருந்து நழுவித் தொங்கிய பெல்ட். தட்டில் ஒரு தகடு இருந்தது. அவ்வீட்டு மூத்த மகளின் திருமணத் திருப்பலி அதில் பதிவாகியிருந்தது. அன்று மறையுரை ஆற்றிய பங்குத்தந்தை இறைவனடி சேர்ந்து நாள் பலவாகிவிட்டன. தகடு தொலைந்துபோயிற்று என்று அவர்கள் எண்ணியிருந்தார்களாம்! பெட்டியைப் பழைய சாமானுக்குப் போட்டிருந்தால் அதுவும் உடன் போயிருக்கும். எனவே எக்காரணத்தால் பெட்டியைக் கழிப்பதாயினும், ஒருமுறை திறந்து தட்டைப் பார்த்துவிடுவது நன்று.

பழைய பெல்ட்டைக் கழற்றி, இரு முனையும் பிடித்துத் தட்டையாக்கி அளக்கவேண்டும். நீளம் 10 செ.மீ. என்றால் சுற்றளவு 20 செ.மீ. தளர்ந்து நீண்ட ரப்பராகையால், புதியது நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவாக, அதாவது 19 செ.மீ. அளவில் இருக்கலாம். கனமும் வடிவும் ஒத்திருக்க வேண்டும். சதுர வெட்டுள்ள பெல்ட் இருந்த இடத்தில் சதுரமே பொருந்தும். சென்னை ரிச்சி தெருவிலும், பிற ஊர்களில் வானொலி, ஒலிபெருக்கி பழுதுபார்ப்போரிடமும் கேட்டுப் பார்க்கலாம். விலை மிகச் சொற்பம். பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் வளையத்தை மாட்டி ஒப்பேற்றுவது நம்மவர் வழக்கம். அது சில வாரங்களில் இற்று, பற்சக்கரங்களில் சிக்கி, இருந்த நோயைப் பெரிதாக்கும். பெல்ட் கிடைக்கும் வரை, பழையதையே கொதிநீரில் சில நிமிடங்கள் இட்டெடுத்துத் துடைத்து மாட்டினால் சிறிது சுருங்கிச் சில நாள் உழைக்கும். நோய் இன்னதுதான் என்று உறுதிசெய்துகொள்ள இஃது எளிய வழி.

புதியதை மாட்டுமுன் கப்பிகளை ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைக்கவேண்டும். பழைய ரப்பரின் பிசுக்கு ஒட்டியிருந்தால் புதிய பெல்ட்டும் வழுக்கும். பற்சக்கரங்களைக் கழற்றாமல் வேலை முடிந்தால் மிக நல்லது. கழற்றத்தான் வேண்டுமென்றால், முன்னதாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. அவற்றின் மேல் சிறு துளையோ அம்புக்குறியோ இருக்கும். குறிகள் ஒன்றையொன்று நோக்கி அமையவேண்டும். ஒரு பல் தவறினாலும் லென்ஸ் பகுதி மேலெழும் நேரமும் வட்டத்தட்டு நிற்கும் நேரமும் முரண்படும். இவ்வேலையில் நம் பொறுமையை மிகுதியும் சோதிக்கும் இடம் இதுவே.

வட்டத்தட்டின் அடியில் உள்ள உணர்வியைச் சிறு தூரிகையால் தூசு தட்டினால் போதும். தட்டு முடிவிடம் சேர்ந்ததை அறிவிக்கும் சிறு தகட்டு சுவிட்சுகள், உப்புக்காற்று வீசும் ஊர்களில் கறுத்துவிடும். ஆல்கஹால் நனைத்த காகித நறுக்கை இரு தகடுகளுக்கும் இடையே வைத்து மெல்ல இழுத்தால் அவை தெளியும்.

லென்ஸ்

லென்ஸ் மெல்லிய கம்பிகளின் மேல் மிதப்பதுபோல் அமைந்தது. முதலில் ஊதுபந்தால் காற்றூதித் தூசியை அகற்றவேண்டும். பின்பு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, குழந்தையின் கண்ணிமையைத் துடைக்கும் மென்மையோடு துடைக்கவேண்டும். எச்சில், வாசனைத் திரவியம், நகப்பூச்சு நீக்கி ஆகியவை வேண்டவே வேண்டாம். நகப்பூச்சு நீக்கி பிளாஸ்டிக் லென்ஸைக் கரைத்துவிடும். லென்ஸ் ஊரும் தண்டிலுள்ள பழைய கிரீஸையும் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்கைத் தாக்காத வெள்ளை கிரீஸைச் சிறிதே தடவலாம். தேங்காயெண்ணெய் இடுவோரும் உண்டு! அது சில மாதங்களில் பிசினாகி லென்ஸைப் பிடித்து நிறுத்திவிடும்.

லென்ஸின் அருகே ஊசிமுனைத் திருப்புளிக்கேற்ற சிறு திருகு ஒன்று தென்படலாம். அதைத் திருப்பினால் லேசரின் வலிமை கூடும், பாடாத பெட்டி பாடும் என்று சொல்வார்கள். அளவுகருவி இன்றி அதைத் தொட்டால் நலிந்த லேசர் சில நாள் பாடிவிட்டு அடியோடு அணையும். லென்ஸைத் துடைத்தும் எந்தத் தகட்டையும் படிக்கவில்லை என்றால், அங்கே நம் வேலை முடிந்தது. அனுபவமுள்ள பழுதுபார்ப்போரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். சில வகை லேசர் பகுதிகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

குப்பைக்குப் போகும் வழி

2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். ஒதுக்கப்படும் மனிதரையும் விரைவில் குப்பையாக்கப்படும் பொருளையும் அவர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னது நமக்கு உறைக்க வேண்டும். நாம் கழிக்கும் பெட்டியின் ஈயப் பற்றும் பிளாஸ்டிக்கும் எங்கோ ஓர் ஏழைச் சிறுவன் செம்புக் கம்பிக்காக மூட்டும் தீயில் புகையாகக் கூடும். உண்மையாகவே தீராத பெட்டியாயின், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

தகடுகளைப் பற்றியும் இரண்டொரு சொல். மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் சுருளின் வழியே நீண்டு செல்லும். கருவி அதனைத் திருத்திக்கொள்ள இயலாது. பெயர் எழுதிய மேற்பக்கத்திற்கு ஊறில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: பதிவு உள்ள படலம் மேற்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் பதிவே கெடும். வீட்டில் பதிந்த தகடுகளில் ஒலி சாயப் படலத்தில் எழுதப்பட்டுள்ளது. வெயிலும் வெப்பமும் அதனை வெளுக்கச் செய்யும். சன்னலோரத்தில் வைக்காமல், உறையிலிட்டு நிமிர்த்தி வைக்கவேண்டும்.

பெட்டி மீண்டும் பாடத் தொடங்கியதும் முதலில் இத்தகடுகளையே போட்டுப் பார்த்து, பிரதி எடுத்துக்கொள்க. தகட்டுச் செருகி உள்ள கணினியாயின் சில நிமிடங்களில் முடியும். இன்றைய மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் இல்லை. அப்போது பெட்டியின் பின்புறமுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து வயர் கொடுத்துக் கணினியில் பதியலாம். ஒரு மணி நேரத் திருப்பலிக்கு ஒரு மணி நேரமே பிடிக்கும். அந்நேரம் முழுவதும் வீட்டார் கூடியமர்ந்து கேட்கலாம்.