எதிரில் ஓர் ஆள் வேண்டும்

தெரியாத மொழி பேசும் ஊரில் போய் இறங்கியதும் முதலில் தோன்றுவது, 'இவர்கள் ஏன் இவ்வளவு வேகமாகப் பேசுகிறார்கள்?' என்பதுதான். சியோல் பேருந்திலும் அப்படித் தோன்றும், லிஸ்பன் மீன்கடையிலும் அப்படித் தோன்றும். சென்னையில் வந்திறங்கும் கொரியருக்கும் போர்ச்சுக்கீசியருக்கும் நம்மைப் பற்றி அதே எண்ணம்தான்.

எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறோம். பேச்சில் அது கிடையாது. 'நீங்க எங்க போறீங்க' என்பதைப் பதிவுசெய்து கணினித் திரையில் ஒலியலையாகப் பார்த்தால் மூன்று சொற்களும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சொல் இங்கே முடிகிறது, அடுத்தது இங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கொடுப்பது கேட்பவரின் மூளை. மொழி தெரிந்தவருக்கு அந்த வேலை நடப்பதே தெரியாது. தெரியாதவருக்கு எங்கே பிரிப்பதென்று பிடிபடாது. அதனால் எல்லாமே தலைதெறிக்க ஓடுவதுபோல் இருக்கிறது.

ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. 1996-இல் அமெரிக்காவில் ஜென்னி சாஃப்ரன் குழுவினர் 8 மாதக் குழந்தைகளுக்கு, பொருளே இல்லாத அசைகளை இடைவெளியின்றி 2 நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை தவறாமல் வருகிறது என்பதைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். நம் மொழியில் சொன்னால், 'அம்' என்று கேட்டால் அடுத்து 'மா' வர வாய்ப்பு அதிகம். 'மா'வுக்குப் பின் 'வந்தாங்க' வரலாம், 'சொன்னாங்க' வரலாம், எதுவும் வரலாம். அப்படியானால் சொல்லின் எல்லை அங்கேதான். இந்தக் கணக்கைப் பேச்சு வராத குழந்தை போடுகிறது.

பெரியவர்களும் போடுகிறோம். சீன மொழி ஒரு சொல்கூடத் தெரியாத டச்சுக்காரர்களுக்கு 7 நிமிட வானிலை அறிக்கை ஒன்றைச் சீனத்தில் காட்டிய ஆய்வு 2010-இல் வெளியானது. அதில் அடிக்கடி வந்த சொற்களையும், அறிவிப்பாளர் கையால் சுட்டிக்காட்டிப் பேசிய சொற்களையும் பலர் அடையாளம் கண்டுகொண்டார்கள். புரியவில்லை என்று நாம் அலுத்துக்கொள்ளும் நேரத்திலும் காது வேலைசெய்து கொண்டிருக்கிறது.

அப்படியானால் வீட்டிலேயே உட்கார்ந்து கொரியத் தொடர்களைப் பார்த்தால் போதாதா? இங்கேதான் வியப்பான திருப்பம் ஒன்று வருகிறது. சியாட்டில் நகரில் பட்ரிஷியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளைப் பற்றியது. சீனப் பேச்சாளர்கள் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, படப் புத்தகம் வாசித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். ஒவ்வொன்றும் 25 நிமிடம், மொத்தம் 12 அமர்வுகள். கூட்டினால் 5 மணி நேரம்.

பிறகு சோதனை. சீனத்தில் நம் 'ச' இனத்தைச் சேர்ந்த இரண்டு ஒலிகள் உண்டு; ஆங்கிலக் காதுக்கு அவற்றைப் பிரித்தறிவது சிரமம். ஒலிபெருக்கியில் ஓர் ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். திடீரென்று மற்றது ஒலிக்கும். அந்த மாற்றத்தை உணர்ந்து தலையைத் திருப்பும் குழந்தைக்குப் பரிசாக, ஒரு பொம்மை விளக்கெரிய ஆடும். சீனரோடு விளையாடிய அமெரிக்கக் குழந்தைகள், தைவானில் பிறந்து வளரும் குழந்தைகளுக்கு இணையாகத் தலையைத் திருப்பின. அதே பேச்சாளர்களை, அதே நேர அளவுக்குத் திரையில் பார்த்த குழந்தைகளும் ஒலிப்பதிவை மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் கற்றிருக்கவில்லை. ஒலி ஒன்றுதான், எதிரில் ஆள் இல்லை. நம் கண் போகும் திசையைக் கவனித்து, நாம் சிரித்தால் சிரித்து, நம் பதிலுக்காகக் காத்திருக்கும் ஆள்.

பெரியவர்கள் திரையிலிருந்தும் ஓரளவு கற்கிறார்கள். ஆனாலும் மொழிக்குள் முழுதாக இறங்கியவர்களின் கதைகளில் எதிரில் இப்படி ஓர் ஆள் கட்டாயம் இருக்கிறார். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி நடத்திய முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளியை நடத்தச் செய்தார். சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதும் அளவுக்கு வளர்ந்தார்.

இப்படி மொழிக்குள் இறங்குவதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பருவம் ஸ்பெயினில் தங்கிப் படித்த அமெரிக்க மாணவர்களையும், சொந்த நாட்டு வகுப்பறையிலேயே ஸ்பானிய மொழி படித்தவர்களையும் ஜாரெட் லிங்க், ஜூடித் குரோல், கிரெச்சன் சண்டர்மன் ஒப்பிட்டார்கள். ஆய்வு 2009-இல் வெளிவந்தது. குறித்த நேரத்துக்குள் ஒரு வகையைச் சேர்ந்த பெயர்களை, உதாரணமாக விலங்குகளின் பெயர்களை, முடிந்தவரை அடுக்க வேண்டும். ஸ்பெயினில் இருந்தவர்கள் ஸ்பானியத்தில் அதிகம் சொன்னார்கள். தாய்மொழியான ஆங்கிலத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகச் சொன்னார்கள். புது மொழிக்கு இடம்விட்டுத் தாய்மொழி சற்றே ஒதுங்கி நிற்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஊர் திரும்பி 6 மாதம் கழித்துச் சோதித்தபோது ஆங்கிலம் பழையபடி வந்துவிட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பையன் தமிழில் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் 'பந்தா காட்டுறான்' என்று சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். எப்போதும் அது பந்தா அல்ல.

அந்த ஒதுங்கல் நடக்க வாய்ப்பே தராமல் பயணம் செய்வதும் இன்று எளிது. பெர்லினில் தமிழ் நண்பர்களோடு அறை எடுத்து, கடையில் கைப்பேசியை நீட்டி மொழிபெயர்த்து, இரவில் ஊர்ச் செய்தி பார்த்துத் தூங்கினால் ஆண்டுகள் கழிந்தாலும் ஜெர்மன் ஒட்டாது. போன இடத்தைவிட, அங்கே யாரோடு பேசியே ஆகவேண்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து டீக்கடையில் நிற்கும் இளைஞர்களுக்கு வகுப்பும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. 'ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி' என்று குரல் வந்ததும் கை சரியான கிளாசுக்குப் போயாக வேண்டும். தப்பினால் அங்கேயே திருத்தம் கிடைக்கும்; ஒரு நாளில் அதே சொல் நூறு தடவை வரும். குழந்தைக்கு வாய்த்த ஆளும் அவசியமும் அவர்களுக்கும் வாய்த்திருக்கின்றன. சில மாதங்களில் பாக்கிக் கணக்கைத் தமிழில் பேசுகிறார்கள். நமக்கு ஒடியா கற்கும் ஆசை இருந்தால் புவனேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன், அந்தத் தம்பியிடம் டீக்கு ஒடியாவில் என்ன சொல்வார்கள் என்று கேட்டுத் தொடங்கலாம்.