கேமரன் மலை: சாலை வரியும் வாகனப் பரிசோதனையும் – தோட்டத்து இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

“தம்பி, அந்த ரோட்டெக்ஸைக் கொஞ்சம் போன்ல பார்த்துப் போடுப்பா.”

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் வந்து சேர்கிறது. வண்டி அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது அண்ணனாக இருக்கும், செயலியைத் திறந்து பார்ப்பது நீங்களாக இருப்பீர்கள். எதை முதலில் செய்வது, எங்கே போவது, புஸ்பாகோம் பரிசோதனை நம் வண்டிக்கும் உண்டா என்பதில் மட்டும் குழப்பம் தீர்வதில்லை.

அதற்கான விளக்கம் இது.

நாம் புதுப்பிப்பது எதை?

வண்டியின் பதிவை ஆண்டுதோறும் யாரும் புதுப்பிப்பதில்லை. வாகனத்தைப் பதிவு செய்வது ஒரே ஒரு முறைதான். அதற்கான ஆவணத்தைத்தான் நம் வீடுகளில் ‘கிராண்ட்’ என்கிறோம். உரிமையாளரின் பெயர், சேசிஸ் எண், இன்ஜின் எண் எல்லாம் அதில் இருக்கும்.

6 மாதத்துக்கோ 12 மாதத்துக்கோ ஒருமுறை புதுப்பிப்பது மோட்டார் வாகன உரிமம். சட்டத்தில் அதன் பெயர் அதுதான். பேச்சில்தான் சாலை வரி, ரோட்டெக்ஸ். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, இந்த உரிமம் இல்லாமல் வாகனத்தைப் பயன்படுத்தினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம்.

முதலில் காப்புறுதி, பிறகுதான் சாலை வரி

இந்த வரிசை மாறாது. செல்லுபடியாகும் காப்புறுதி இல்லாத வண்டிக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) கணினி சாலை வரியைப் புதுப்பிக்காது.

இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. “இன்சூரன்ஸ் எடுத்தாச்சு, அப்புறம் என்ன?” என்று விட்டுவிட்டால் சாலை வரி காலாவதியாகவே இருக்கும். முகவரிடம் பணம் கொடுக்கும்போதே, அது காப்புறுதிக்கு மட்டுமா அல்லது சாலை வரியும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. உங்கள் வண்டியால் வேறொருவருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்குமான பாதுகாப்பு அது. சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி, அதுவும் இல்லாமல் ஓட்டினால் 1,000 ரிங்கிட் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கப்படலாம். அபராதத்தைவிடப் பெரிய சுமை வேறு இருக்கிறது. மலைப்பாதையில் ஒருவரை மோதிவிட்டால், அவருக்கான இழப்பீடு உங்கள் குடும்பத்தின் தலையில் விழும்.

தொடர்ந்து இழப்பீடு கோராமல் இருந்தால் ஆண்டுதோறும் கழிவு கூடும். தனியார் கார்களுக்கு இது 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என உயர்ந்து 55 விழுக்காடு வரை போகும். புதிய காப்புறுதி எடுக்கும்போது இந்தக் கழிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டணம் எவ்வளவு?

இன்ஜின் கொள்ளளவு, வண்டியின் வகை, வண்டி ஓடும் பகுதி ஆகியவற்றைப் பொறுத்துக் கட்டணம் மாறும். பகாங் உட்பட தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள வண்டிகளுக்கு ஆண்டுக் கட்டணம் இப்படி:

• 150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள் – 2 ரிங்கிட்

• 1,000 சிசி வரையிலான கார் – 20 ரிங்கிட்

• 1,201 முதல் 1,400 சிசி வரையிலான கார் – 70 ரிங்கிட்

• 1,401 முதல் 1,600 சிசி வரையிலான கார் – 90 ரிங்கிட்

நான்கு சக்கர இயக்க வாகனங்களுக்கு வேறு அட்டவணை. 2,001 முதல் 2,500 சிசி வரை அடிப்படைக் கட்டணம் 440 ரிங்கிட். 2,000-க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் கூடுதலாக 80 சென். தனியார் வாகனமாகப் பதிவான, 2,286 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட ஒரு பழைய லேண்ட் ரோவரைக் கணக்கிட்டுப் பார்த்தால் 440 + 228.80 = 668.80 ரிங்கிட்.

அப்பாவின் கப்சாய்க்கு 2 ரிங்கிட், மாமாவின் லேண்ட் ரோவருக்கு 600-க்கும் மேல். தோட்டத்தில் சில பழைய வண்டிகள் சாலை வரி இல்லாமலேயே கிடப்பதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

ஸ்டிக்கர் ஒட்டணுமா?

2023 பிப்ரவரி 10 முதல், மலேசியக் குடிமக்களின் தனியார் வாகனங்களில் சாலை வரி ஸ்டிக்கரை ஒட்டிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மைஜேபிஜே செயலியில் சாலை வரியும் ஓட்டுநர் உரிமமும் மின்னியல் வடிவில் இருக்கும். அதிகாரிகள் வண்டியின் பதிவு எண்ணைக் கொண்டே நிலவரத்தைப் பார்த்துவிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. முன்பு கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரே காலாவதித் தேதியை நினைவூட்டும். இப்போது கண்ணில் படுவதற்கு எதுவும் இல்லை. ஸ்மார்ட்ஃபோன் பழக்கமில்லாத பெரியவர்கள் தேதியை மறந்துவிடுவது எளிது. வீட்டில் உள்ள எல்லா வண்டிகளின் தேதிகளையும் உங்கள் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு மாதம் முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது. தோட்டத்தின் சில பகுதிகளில் இணைய இணைப்பு மோசம் என்பதால், செயலியின் திரைப்பிடிப்பையும் சேமித்து வையுங்கள்.

இணையம் வேண்டாம் என்றால் தானா ராத்தா போன்ற ஊர்களில் உள்ள அஞ்சலகத்திலும் புதுப்பிக்கலாம்.

“புதுப்பிக்க முடியவில்லை” என்று வந்தால்?

பொதுவாக மூன்று காரணங்கள்.

முதலாவது, சம்மன். கட்டாத அபராதங்களால் வண்டி கறுப்புப் பட்டியலில் இருந்தால் புதுப்பித்தல் தடைபடும். போலீஸ் சம்மன்களை மைபாயார் பிடிஆர்எம் தளத்திலும், ஜேபிஜே சம்மன்களை மைஜேபிஜே செயலியிலும் பார்க்கலாம்.

இரண்டாவது, பல ஆண்டுகள் புதுப்பிக்காமல் விட்டது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு இணையம் உதவாமல் போகலாம். கிராண்டோடு ஜேபிஜே முகப்பிடத்துக்கு நேரில் செல்ல வேண்டி வரும்.

மூன்றாவதுதான் குடும்பங்களில் அதிகம் பேசப்படாதது: உரிமையாளர் இறந்துபோயிருப்பது. “தாத்தா பேர்லயே இருக்கட்டும், யாரு கேக்கப் போறா?” என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் காப்புறுதி என்பது உரிமையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். இறந்தவர் பெயரில் தொடரும் காப்புறுதியை நம்பி ஓட்டினால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கோரும்போது பிரச்சினை வரும். வாரிசு பெயருக்கு மாற்ற, அமானா ராயா, நிலத் துறையின் சிறு சொத்துப் பிரிவு, அல்லது நீதிமன்றம் வழியாக நிர்வாக ஆவணம் பெற வேண்டும். எந்த வழி என்பது விட்டுச்சென்ற சொத்தைப் பொறுத்தது. சட்டென்று முடியும் வேலை இல்லை என்பதால் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.

பரிசோதனை யாருக்குக் கட்டாயம்?

சொந்த உபயோகத்துக்கான தனியார் காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கிடையாது. ஆனால் சில சந்தர்ப்பங்களில் தேவைப்படும்:

• வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்றும்போது. பி5 என்ற சோதனை இதற்குத்தான்.

• பழைய வண்டியைத் தவணைக் கடனில் வாங்கும்போது.

• இன்ஜினையோ வண்டியின் அமைப்பையோ மாற்றும்போது. இதற்கு ஜேபிஜேயின் அனுமதியும் தேவை.

• குறைபாட்டுக்காக அதிகாரிகள் தடை அறிவிப்பு கொடுத்திருந்தால், அதை நீக்குவதற்கு.

வணிக வாகனங்களின் கதை வேறு. காய்கறி ஏற்றும் லோரி, பேருந்து போன்றவை 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். 3 ஆண்டுகளைக் கடந்த மின்-அழைப்புக் கார்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. சுற்றுப்பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றி பிரிஞ்சாங் மலைக்கு அழைத்துச் செல்வதற்கும் தனி அனுமதியும் அதற்கேற்ற காப்புறுதியும் வேண்டும். சாதாரணத் தனியார் காப்புறுதி அதற்குப் போதாது.

1994 முதல் இந்தப் பரிசோதனைகளைச் செய்துவந்த ஒரே நிறுவனம் புஸ்பாகோம். அந்தத் தனி உரிமை 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. மற்ற நிறுவனங்களுக்கும் அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது. புஸ்பாகோமுக்குப் போவதென்றால் மைபுஸ்பாகோம் வழியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருந்தாலும், மலையிலிருந்து இறங்கும் முக்கியச் சாலைகளில் தாப்பா, சிம்பாங் பூலாய் இரண்டும் பேராக் மாநிலத்துக்குத்தான் போகின்றன. அதனால் பலருக்கு ஈப்போ நிலையம்தான் வசதி. புஸ்பாகோமின் நடமாடும் பரிசோதனைப் பிரிவு உங்கள் பக்கம் வருகிறதா என்றும் முன்பதிவுக்கு முன் விசாரித்துப் பாருங்கள். ஒரு நாள் சம்பளமும் பெட்ரோல் செலவும் மிச்சமாகலாம்.

அங்கே என்ன பார்க்கிறார்கள்?

முதலில் அடையாளம்: சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கிராண்டில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். முழுப் பரிசோதனை என்றால் அதன்பின் வண்டியின் மேல்பகுதி, அடிப்பகுதி, புகை, சக்கரங்களின் நேர்த்தி, சஸ்பென்ஷன், பிரேக், முன்விளக்கு ஆகியவையும் பார்க்கப்படும்.

சமவெளியில் இது வெறும் சடங்காகத் தெரியலாம். மலையில் அப்படியில்லை. தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் வளைவுக்கு மேல் வளைவு. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிமானத்தை இழக்கும். குறைந்த கியரில் இறங்கச் சொல்வது அதனால்தான். மழையும் பனிமூட்டமும் சேரும்போது டயரின் பள்ளமும் முன்விளக்கும் உயிர் காக்கும் பாகங்களாகிவிடுகின்றன. டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியும் அந்த டயர் ஓட்டத் தகுதியற்றது.

2010 டிசம்பர் 20-ஆம் தேதி, கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள் வந்த பேருந்து விபத்துக்குள்ளாகி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே நடந்த பேருந்து விபத்தில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு வணிக வாகனங்களின் நிலை மீதும் அவற்றை நடத்தும் நிறுவனங்கள் மீதும் கண்காணிப்பு கடுமையானது.

பழைய லேண்ட் ரோவர் வாங்கப் போறீங்களா?

கேமரன் மலையின் அடையாளங்களில் ஒன்று இந்த வண்டி. பல காலமாக ஓடும் வண்டிகள் என்பதால், நடுவில் வேறு இன்ஜின் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஜேபிஜேயில் பதிவு செய்யாமல் மாற்றியிருந்தால் பி5 சோதனையில் மாட்டிக்கொள்ளும், பெயர் மாற்றமும் நடக்காது. எனவே பணம் கொடுப்பதற்கு முன்பே கிராண்டையும் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சோதனை தேறிய பிறகே மீதிப் பணம் என்று பேசிக்கொள்வது பாதுகாப்பு.

“தோட்டத்துக்குள்ளதானே ஓட்டுறோம்?”

சாலை வரி இல்லாத, விருப்பம்போல் மாற்றியமைத்த லோரிகளைக் கேமரன் மலையில் ‘லோரி ஹந்து’, அதாவது பேய் லோரி என்பார்கள். தோட்டத்துக்குள் மட்டும் ஓடுகிறது என்பதுதான் வழக்கமான பதில்.

சட்டத்தில் ‘சாலை’ என்பது அரசாங்கச் சாலை மட்டுமல்ல. பொதுமக்கள் சென்றுவரக்கூடிய மற்றச் சாலைகளும் அதில் அடங்கும். தேயிலைத் தோட்டத்துக்குள் சுற்றுப்பயணிகளின் கார்கள் வந்துபோகும் பாதையைத் ‘தனியார் பாதை’ என்று சொல்லித் தப்பிவிடலாம் என எண்ண வேண்டாம். தோட்டத்து வண்டிக்குச் சாலை வரியும் காப்புறுதியும் இருக்கிறதா என்று கேட்பதற்கு, அதில் வேலைக்குப் போகும் உங்கள் அம்மாவுக்கும் உரிமை உண்டு.

உதவித்தொகையும் இதில் இருக்கிறது

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, தகுதியுள்ள தனியார் டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் வழங்கும் புடி மடானி திட்டம் தொடங்கியது. விண்ணப்பத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று, வண்டிக்குச் செல்லுபடியாகும் சாலை வரி இருக்க வேண்டும் என்பது. சாலை வரியைக் கட்டாமல் மிச்சம் பிடித்தவர்கள் இந்த உதவிக்கு விண்ணப்பிக்க முடியாமல் போனது.

வீட்டில் இன்றே பார்க்க வேண்டியவை

1. கிராண்டில் யார் பெயர் இருக்கிறது?

2. காப்புறுதியும் சாலை வரியும் எந்தத் தேதியில் முடிகின்றன?

3. சம்மன் ஏதும் நிலுவையில் உள்ளதா?

4. வண்டி எதற்காகப் பதிவாகியிருக்கிறது, எதற்காக ஓடுகிறது? இரண்டும் ஒன்றுதானா?

5. அடுத்த முறை மலையிறங்கும் முன் டயர், பிரேக், விளக்கு மூன்றையும் யார் பார்த்தது?

நான்கு கேள்விகளுக்குக் கைப்பேசியிலும் கிராண்டிலும் பதில் கிடைக்கும். ஐந்தாவதற்கு வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்துதான் பார்க்க வேண்டும்.