சாவிக்குள் ஒரு மின்தடை

விளக்குகள் நன்றாக எரிகின்றன; ரேடியோ பாடுகிறது; பேட்டரியிலும் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சிறு முனகல்கூட இல்லாமல் கிடக்க, எதிரேயுள்ள பலகையில் ‘செக்யூரிட்டி’ என்னும் எச்சரிக்கை விளக்கு மட்டும் அணையாமல் நிற்கிறது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செய்த கார்களுள் பலவற்றை இன்றும் பிரியத்தோடு பராமரித்து வருகிறவர்களுக்கு இது பரிச்சயமான சங்கடம். பேட்டரியை மாற்றி, ஸ்டார்ட்டரை மாற்றி, கையிலிருந்த பணமும் பொறுமையும் தீர்ந்தபின் மல்டிமீட்டரைத் தேடுவதைவிட, அதை முதலிலேயே எடுத்துவிடுவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

வண்டியை இப்படி முடக்கிவைப்பது அதிலுள்ள ஒரு திருட்டுத் தடுப்பு ஏற்பாடு; அது முதன்முதலில் வந்தது அக்கம்பெனியின் 1986-ஆம் வருஷத்துக் கார்வெட் வண்டியில். ஸ்டியரிங் தண்டின் உறையை உடைத்து, பூட்டைப் பெயர்த்துத் திருப்பிவிட்டால் யாருடைய வண்டியும் யாருக்கும் கிளம்பும் என்றிருந்த நிலையை மாற்றுவதற்காக, சாவியின் பல்வரிசையோடு வேறோர் அடையாளத்தையும் சேர்க்க எண்ணிய பொறியாளர்கள், அதன் அலகிலே கறுப்பான ஒரு சிறு வில்லையைப் பதித்து, அந்த வில்லைக்குள் ஒரு மின்தடையை வைத்தார்கள். சாவி பூட்டுக்குள் புகுந்ததும், உள்ளேயிருக்கும் இரண்டு உலோக விரல்கள் வில்லையின் இருமுகங்களையும் தொடுகின்றன. அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் ஸ்டியரிங் தண்டின் உட்புறமாக இறங்கி ஒரு மின்னணுப் பெட்டியை அடைகின்றன. தடையின் அளவு பெட்டி அறிந்துவைத்திருக்கும் அளவோடு ஒத்தால், ஸ்டார்ட்டருக்குரிய ரிலேக்கு அனுமதி கிடைக்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் கணினிக்கும் ஒரு சைகை போகும். ஒவ்வாவிட்டால் இரண்டும் இல்லை.

வில்லைகள் 15 வகை. மிகக் குறைந்தது 402 ஓம், அடுத்தது 523, அதற்கடுத்தது 681, இப்படியே ஏறி, பதினைந்தாவது 11,800 ஓமில் முடிகிறது. ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காக இருப்பதைக் கவனிக்க வேண்டும். சம இடைவெளிகளாகக் கூட்டிக்கொண்டு போகாமல் பெருக்கிக்கொண்டு போனதற்குத் தகுந்த காரணம் உண்டு. மின்தடைகளைச் செய்யும்போது நேரும் பிழை இத்தனை ஓம் என்று இராமல், நூற்றுக்கு இத்தனை என்ற விகிதமாகவே இருப்பதால், அளவு பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் விரிந்தால்தான் ஒரு வகை இன்னொரு வகையோடு மயங்காமல் நிற்கும். 15 என்பது அற்பமான எண் அல்லவா என்று கேட்கலாம். தவறான வில்லையைக் கண்டதும் பெட்டி சுமார் 2 முதல் 4 நிமிஷம் வரை எதையும் ஏற்காமல் வாயை மூடிக்கொள்வதால், பதினான்கு வகைகளைத் தவறாகப் போட்டுப் பார்க்கும் துர்ப்பாக்கியம் வாய்த்த கள்வன் ஒருவன், பிறர் வீட்டு வாசலில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை உட்கார்ந்திருக்க நேரிடும்.

இந்த யுக்தியின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. பெட்டிக்குத் தெரிந்தது ஓம் கணக்கு ஒன்றே. சாவியே இல்லாமல் பூட்டை நெம்புகிற கள்வனும், சொந்தச் சாவியோடு வந்த எஜமானனின் அறுந்த வயரும் அதற்கு ஒரே விதமாகத்தான், அதாவது எல்லையற்ற தடையாகத்தான், காட்சியளிக்கிறார்கள். ஆகவே நமது பரிசோதனை என்பது பெட்டி காண்பதையே நாமும் காண்பதாகும்.

முதலில் சாவியைத் தனியே எடுத்துக்கொண்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, இரண்டு முனைகளையும் வில்லையின் இருமுகங்களில் அழுத்த வேண்டும். மீட்டர் செய்வது எளிய காரியம்: தன்னுள்ளிருக்கும் சிறு பேட்டரியிலிருந்து அறிந்த அளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, எழும் மின்னழுத்தத்தை அளந்து, ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியின்படி வகுத்துச் சொல்கிறது. இப்போது 2,370 ஓம் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், அது எட்டாவது வகை, சாவி நிரபராதி. முனைகளை விரல்களால் பற்றிக்கொண்டு அளப்பது மட்டும் கூடாது. வியர்த்த கைகளின் வழியே உடலும் பக்கவழியாகச் சேர்ந்துகொள்ளும். உடலின் தடை ஒரு லட்சம் ஓமாக இருந்தால், 11,800 ஓம் வில்லை ஏறக்குறைய 10,550 என்று பொய் சொல்லும்.

பிறகு பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் தண்டின் அடியில் அந்த இரண்டு வயர்களும் வந்து சேரும் இணைப்பியைப் பிரித்து, சாவியைப் பூட்டில் செருகி, பூட்டுப் பக்கத்து முனையில் அளக்க வேண்டும். அதே 2,370 வந்தால் நல்லது. 2,700 வந்தால், உலோக விரல்களில் ஏறிய அழுக்கு முந்நூற்று முப்பது ஓமைச் சேர்த்து, எண்ணை எட்டாம் வகைக்கும் 3,010 ஓமுடைய ஒன்பதாம் வகைக்கும் நடுவே திரிசங்குவாகத் தொங்கவிட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆல்கஹால் தோய்த்த துணியால் வில்லையையும் பூட்டின் வாயையும் துடைத்தாலே பல சமயங்களில் குணமாகிவிடும். ஒன்றுமே காட்டாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது.

உண்மையில் பெரும்பாலான வண்டிகளில் குற்றவாளி இந்த வயரே. சாவியைத் திருப்பும்போதெல்லாம் பூட்டின் உருளையோடு சேர்ந்து அதுவும் முறுக்கிக்கொள்வதால், வருஷக்கணக்கான முறுக்கலில் செம்பின் இழைகள் உறைக்குள்ளேயே ஒவ்வொன்றாக முறிகின்றன. வெளியே பார்த்தால் பழுது தெரியாது. முறிந்த நுனிகள் ஒரு நிலையில் தொட்டுக்கொண்டும் இன்னொரு நிலையில் விலகியும் இருப்பதால், காலையில் கிளம்பிய வண்டி மாலையில் கிளம்ப மறுக்கும். எனவே சாவியை மெல்ல மெல்ல ஸ்டார்ட் நிலைவரை திருப்பியபடியே மீட்டரைப் பார்க்க வேண்டும். விநாடிக்கு இரண்டு மூன்று தடவை மட்டுமே எண்ணைப் புதுப்பிக்கும் மலிவான டிஜிட்டல் மீட்டர், கண்ணிமைக்கும் பொழுதில் வந்துபோகும் முறிவைத் தவறவிட்டுவிடலாம். பழைய முள் மீட்டரில் அதே முறிவு ஒரு துள்ளலாகத் தெரியும். இவ்விஷயத்தில் நான் முள்ளின் கட்சி.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். 1990-களின் வண்டிகளில் அதே தண்டுக்குள் காற்றுப்பையின் வயர்களும் மஞ்சள் உறையோடு செல்லும். அவற்றை மீட்டரால் தொடவே கூடாது. மீட்டரின் சொற்ப மின்னோட்டம்கூட அப்பையைத் தூண்டிவிடக்கூடும் என்று அஞ்சுவதே விவேகம்.

வயர் முறிந்திருப்பது நிச்சயமானால், புது வயரோடு கூடிய பூட்டு உருளையை மாற்றுவது நேர்வழி. சிலர், சாவியின் அளவுக்குச் சமமான ஒரு மின்தடையைக் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கி, பெட்டிப் பக்கத்து வயர்களில் பற்றவைத்துவிடுகிறார்கள். வண்டி கிளம்பும், ஆனால் இனி பூட்டைப் பெயர்க்கிற எவனுக்கும் கிளம்பும். பழமையின் பொருட்டு வண்டியை வைத்திருப்பவர்கள் இக்குறுக்குவழியை மேற்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

பிற்காலத்தில் வில்லையின் இடத்தை ரேடியோ அலையால் விடையளிக்கும் சிப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் யாவற்றிலும் மின்னணுத் தடுப்பு கட்டாயமாயிற்று. சிப் சொல்லும் ரகசிய எண்ணை மல்டிமீட்டரால் படிக்க இயலாது. ஆனால் பூட்டின் வாயைச் சுற்றி அமைந்து, அந்த சிப்புக்குச் சக்தியளிக்கும் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறதா, அதன் பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் வந்து சேர்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, இன்றும் அந்த மீட்டரின் இரண்டு முனைகளில்தான் கிடைக்கிறது.