நிலத்துக்கு அறம் வகுத்த அல்டோ லியோபோல்ட்

மனிதர் மனிதர்க்கு ஆற்றவேண்டிய கடமைகளை அறநூல்கள் விரித்துரைக்கின்றன. மண்ணுக்கும் மரத்துக்கும் ஓநாய்க்கும் நாம் ஆற்றவேண்டிய கடமை யாது? இவ்வினாவுக்கு விடை தேடியவர் அமெரிக்க வனவியலறிஞர் அல்டோ லியோபோல்ட்.

1887ஆம் ஆண்டு அயோவா மாநிலத்துப் பேர்லிங்டன் நகரிற் பிறந்த அவர், யேல் வனவியற் கல்லூரியிற் கற்று, 1909இல் அரசினரின் வனசேவையிற் சேர்ந்தார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், அதனால் வேட்டையாடுவோர்க்கு நன்மை விளையும் என்பது அக்காலத்தார் கொள்கை. அவரும் அவ்வாறே நம்பினார். அரிசோனாவின் அப்பாச்சி வனத்தில், தாமும் தோழரும் சுட்டு வீழ்த்திய பெண் ஓநாயின் கண்களிற் பச்சை ஒளி அணைவதைக் கண்டார். அதன் பொருள் அவருக்கு விளங்கப் பல்லாண்டுகள் சென்றன. ஓநாய் ஒழிந்த மலைகளில் மான்கள் மிகுந்து, செடிகொடிகளைத் தின்றழித்து, பின்னர்த் தாமும் பட்டினியால் மடிந்தன.

அவர் முயற்சியால் 1924இல் நியூ மெக்சிக்கோவின் ஹீலாப் பகுதி, வீதிகள் புகாத வனாந்தரமாக ஒதுக்கப்பட்டது. 1933இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1935இல் வளம் இழந்த பண்ணையொன்றை வாங்கி, அங்கிருந்த கோழிக்கூட்டைக் குடிலாக்கி, மனைவி மக்களோடு ஆயிரக்கணக்கான பைன் மரங்களை நட்டார். மண்ணை ஆள்பவனல்லன் மனிதன், மண்ணும் நீரும் மாவும் மரமும் கூடிய சமுதாயத்தில் அவனும் ஓர் உறுப்பினனே என்பது அவர் கண்ட நிலஅறம்.

விலங்கு, மரம், பறவை முதலியவற்றை நிலத்தோடு சேர்த்து எண்ணும் கருப்பொருட் பகுதியை நான் மாணவர்க்குச் செய்யுளிலக்கணமாகக் கற்பித்து வருகின்றேன். லியோபோல்டைப் பயிலுந்தோறும், அஃது வாழ்வுக்கும் இலக்கணமாதல் கூடும் எனத் தோன்றுகின்றது.

தம் கட்டுரைகளை நூலாக்க ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் இசைந்த செய்தி கிடைத்துச் சில நாட்களே கழிந்திருந்தன. 1948 ஏப்ரல் 21ஆம் நாள், அயலார் நிலத்திற் பற்றிய புல்தீயை அணைக்கச் சென்றவர், மாரடைப்பால் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அந்நூல் அவரை உலகறியச் செய்தது. 1964இல் அமெரிக்கா வனாந்தரச் சட்டத்தை இயற்றியது. 1998இல், அருகிப்போன மெக்சிக்க ஓநாய்கள் அதே அப்பாச்சி வனத்தில் மீண்டும் விடப்பட்டன.

வேட்டைத் துப்பாக்கி ஏந்திய கை பின்னர் எழுதுகோல் ஏந்தியது. அவ்வெழுத்து ஒரு நாட்டின் நெஞ்சைத் திருப்ப உதவிற்று. எழுத்தின் பயன் யாதென வினவும் மாணவர்க்கு இதனினும் நல்ல விடை வேண்டுமோ?