எந்தத் திகதியின் சம்பளம்?

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எவ்வளவு என்று கைப்பேசியில் தேடினால் 1,000, 1,350, 1,700, 1,750 என்று பல விடைகள் கிடைக்கும். எதையும் யாரும் இட்டுக்கட்டவில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் செய்தியாக வந்ததுதான். திகதி உதிர்ந்துபோய் எண் மட்டும் கைமாறுவதால்தான் சிக்கல்.

2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்று அறிவித்தார். வர்த்தமானியும் கையோடு வெளியானது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. செப்டெம்பரில் வந்த புதிய வர்த்தமானியில் இருந்தது 1,350. மே தின மேடைப் பேச்சின் காணொளியில் இதெல்லாம் எப்படி இருக்கும்? அதை மட்டும் பார்த்துவிட்டுச் சம்பளத் துண்டை விரிக்கிறவர், மிச்சத்தை யாரோ எடுத்துக்கொண்டதாகவே நினைப்பார். சந்தேகம் கணக்கப்பிள்ளை மேல் விழும், தோட்டத் தலைவர் மேலும் விழும்.

அந்த 1,700 ரூபாவும் முழுச் சம்பளம் அல்ல. அடிப்படை 1,350, உற்பத்திக் கொடுப்பனவு 350. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் கட்டும் 12 சதவீதம் இதில் அந்த அடிப்படைச் சம்பளத்துக்குத்தான். உற்பத்திக் கொடுப்பனவுக்கு இல்லை. அந்த 350 ரூபாவும் அடிப்படையில் சேர்ந்திருந்தால் தொழில்தருநர் பங்காக மட்டும் நாளொன்றுக்கு 42 ரூபா சேமலாப நிதியில் கூடியிருக்கும். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர் வேலையை விட்டு நிற்கும்போது நம்பியிருப்பது இந்தப் பணத்தைத்தான். முகநூல் படத்தில் பெரிய எழுத்தில் ஒரே எண்ணைப் போடுகிறவர்கள் இந்தப் பிரிப்பை விட்டுவிடுகிறார்கள். பச்சைப் பொய்யைவிட இதுதான் எனக்குக் கவலை. பொய்யை மறுக்க யாராவது வருவார்கள். பாதி உண்மையை யார் மறுப்பது?

1,750 என்ற எண்ணும் அப்படித்தான். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் என்று அறிவிக்கப்பட்டது அது. கம்பனி தரவேண்டியது 1,550; மீதி 200 அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு.

சம்பள வர்த்தமானி அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது. திகதி, இலக்கம், தொகையின் பிரிப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருகிறவரிடம் அதைத் தேடிப் படிக்கச் சொல்வது நியாயமில்லை. தொழில் திணைக்களமும் தொழிற்சங்கங்களும் அந்தப் பக்கத்தை அச்சடித்து ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும் ஒட்ட வேண்டும். பழையது ரத்தானால் அன்றே கிழித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். மாதாமாதம் சந்தா வாங்குகிற சங்கங்களால் இதைச் செய்ய முடியும்.